பூட்டன் இலங்கைக்குப் போன வருஷத்தை வீட்டுப் பத்திரங்களிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா? (விளவங்கோடு பக்கம்)

விளவங்கோட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு குழித்துறை ஆற்றுக்கு மேற்குக் கரையில். அப்பாவின் தாத்தா, எனக்குப் பூட்டன், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அவர் மகன், என் பாட்டா (தாத்தா), அங்கே ஹட்டன் பக்கம் ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, ஐந்தாறு வயதில் ஊருக்கு வந்து சேர்ந்தவர். இப்போது பழைய கதை தெரிந்தவர் என்று பெரிய அத்தை ஒருவர்தான் இருக்கிறார், அவருக்கும் எண்பதுக்கு மேல் ஆகிவிட்டது. அவரைக் கேட்டால் "தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாமல் போனார்கள்" என்கிறார். தாது வருஷம் என்றால் 1876. பாட்டா பிறந்தது 1917. நாற்பது வருஷம் உதைக்கிறது.

பழைய பெட்டியில் இருப்பவை இவை. மலையாள எழுத்தில் இரண்டு முத்திரைத்தாள், மேலே சங்கு முத்திரை, ஒன்றில் 1087 என்றும் மற்றதில் 1098 என்றும் வருஷம் தெரிகிறது. ஒரு பழைய வேதபுத்தகம், அதன் கடைசித் தாளில் பிள்ளைகள் பிறந்த நாள்கள் மையில் எழுதியிருக்கிறது. அப்புறம் ஒரு தகர வில்லை. பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, மேல் விளிம்பில் ஒரு துளை, அதில் கறுத்துப்போன நூல் இன்னும் கிடக்கிறது. ஒரு ஆங்கில எழுத்தும் இரண்டு வரியில் எண்களும் அடித்துப் பதித்திருக்கிறார்கள், கீழ்வரி தேய்ந்துவிட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒரு 4 மட்டும் தெரிகிறது. பாட்டா இதைக் கடைசிவரை யாரையும் தொட விட்டதில்லை என்று அத்தை சொல்கிறார்.

பூட்டன் எந்த வருஷம் எந்த வழியாகப் போனார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கப்பலில் போனவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே கிடைக்கும்? கொழும்புக்குப் போய்த் தேடவும் தயாராக இருக்கிறேன்.

ஓலைச்சுருள்:

தம்பி, பெட்டியில் இவ்வளவு மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். கப்பல் பட்டியலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நேட்டாலுக்கும் (தென்னாப்பிரிக்கா) பிஜிக்கும் போனவர்களுக்குத்தான் அந்த வசதி. 1860-லிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் போட்டு, தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதி வைத்தார்கள். ஒப்பந்தக் கூலி என்பதால் ஆள் ஓடினால் பிடிக்க வேண்டும், அதற்காக எழுதியது இன்று பேரப்பிள்ளைகளுக்கு உதவுகிறது. இலங்கைக்கு அப்படி ஆளாளுக்கு ஒப்பந்தத் தாள் எழுதி அனுப்பும் வழக்கம் இல்லை. கங்காணி ஊருக்கு வருவார், முன்பணம் கொடுப்பார், பத்து இருபது பேரைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போவார். கடனும் கணக்கும் அவர் கையில்.

அதனால் "இன்ன தேதியில் வந்து இறங்கினார்" என்று சொல்லும் ஒரு தாள் எங்கோ இருக்கிறது என்று நம்பி அலைந்தால் காசும் காலமும்தான் போகும். அதைவிட, ஆள் ஊரில் கடைசியாக இருந்ததற்கு ஒரு சான்று, ஆள் ஊரில் இல்லை என்பதற்கு முதல் சான்று, இந்த இரண்டையும் பிடியுங்கள். போனது அந்த இரண்டுக்கும் இடையில்தான். இவை நம் ஜில்லாவில் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கிடக்கின்றன, மலையாளத்தில் இருப்பதால் பிள்ளைகள் யாரும் வாசிப்பதில்லை. 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேரும்வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவிதாங்கூர் ஆட்சியிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவைதானே. வீட்டில் தமிழ் பேசினாலும் ஆதாரம் (பத்திரம்) எழுதினது மலையாளத்தில்.

வருஷக் கணக்கு கொல்லம் ஆண்டு. ஆவணி முதல் தேதி வருஷம் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824 கூட்டுங்கள், ஜனவரி பிறந்தபின் உள்ள தேதிக்கு 825. நம் ஊரில் கிழவர்கள் எல்லாரும் சொல்கிற 99 வெள்ளத்தை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம், 1099 கர்க்கடகம் என்பது 1924 ஆடி மாதம். ஆகவே உங்கள் 1087 என்பது 1911 ஆகஸ்ட் நடுவில் தொடங்கி 1912 ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. மாதம் தெரிந்தால்தான் சரியான வருஷம் சொல்ல முடியும். இடவம், மிதுனம் என்று ஏதாவது எழுதியிருக்கும், பாருங்கள்.

அந்தத் தகர வில்லையைப் பத்திரமாக வையுங்கள், துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம், மிச்சமிருக்கும் எண்ணும் போய்விடும். தகரச் சீட்டு என்று சொல்வார்கள், 1901-ல் வந்த முறை. எழுத்து தோட்டம் இருந்த பகுதியைக் குறிக்கும், மேலே உள்ள எண் தோட்டத்தின் பதிவு எண், கீழே உள்ளது ஆளின் வரிசை எண். வழிச்செலவையெல்லாம் அந்தத் தோட்டத்தின் பேரில் எழுதுவதற்காகக் கழுத்தில் கட்டிவிட்டார்கள். பூட்டனுடைய வில்லைதான் என்றால் அவர் 1901-க்கு முன்னால் போயிருக்க முடியாது. தாது வருஷக் கதை அவருடையது இல்லை.

வடசேரிக்காரி:

அண்ணாச்சி சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம். வீட்டுப் பத்திரத்தில் தொடங்குவது சரி. ஆனால் அது நிலம் வைத்திருந்த குடும்பத்துக்குத்தானே? பன்னிரண்டு சென்ட் நிலமாவது பெயரில் இருந்தால்தான் ஒற்றியும் (நில அடமானம்) விலையும் எழுதுவார்கள். எங்கள் அம்மாவழிப் பூட்டி வீட்டில் ஒரு துண்டு ஓலைகூடக் கிடையாது, இன்னொருவர் விளையில் (தோட்ட நிலத்தில்) குடிசை போட்டு இருந்தவர்கள், எந்த நேரமும் எழுந்துபோகச் சொல்லலாம். அப்படிப்பட்டவர்கள்தான் தோட்டத்துக்கு அதிகம் போனார்கள். அவர்களை இலங்கைப் பக்கத்திலிருந்துதான் தேட வேண்டும்.

அங்கே தோட்டத்தில் பிறந்த குழந்தைகளின் பிறப்பைப் பதிந்தார்கள். பாட்டா 1917-ல் ஹட்டன் பக்கம் பிறந்தவர் என்று நாளோடு தெரிந்தால் அந்த மாவட்டப் பதிவாளரிடம் சான்றிதழ் பிரதி கேட்கலாம். தோட்டத்தின் பெயரும் தாய் தகப்பன் பெயரும் அதில் வரும். தோட்டத்தின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னொன்று. உங்கள் குடும்பம் லண்டன் மிஷன் சபையா? அப்படியானால் பிள்ளைகளின் ஞானஸ்நானத்தை லண்டன் மிஷன் பதிவில் மட்டும் தேடாதீர்கள். மலையகத் தோட்டங்களில் தமிழர்களிடையே வேலை செய்தது ஆங்கிலிக்கன் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) நடத்திய தமிழ்க் கூலி மிஷன், 1854-ல் தொடங்கினது. மயிலாடியிலும் நெய்யூரிலும் லண்டன் மிஷன் சபையில் இருந்தவர்கள் அங்கே போனதும் ஆங்கிலிக்கன் கோயிலில்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள். ஹட்டன், டிக்கோயா பக்கத்து ஆங்கிலிக்கன் கோயில்களுக்கு எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

பெயர் விஷயத்திலும் கவனம். மிஷன் போர்டிங் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு கொடுத்த வெள்ளைக்காரர் பெயரையே வைத்தது உண்டு. வீட்டில் ஒரு பெயர், சபையில் ஒரு பெயர், கங்காணி கூப்பிட்டது மூன்றாவது பெயர். தகப்பன் பெயரையும் வீட்டுப் பெயரையும் சேர்த்துப் பார்க்காமல் "இவர்தான்" என்று முடிவு கட்டக் கூடாது.

கீரிப்பாறை:

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். எங்கள் குடும்பம் இந்த ஜில்லாவுக்கே இலங்கையிலிருந்து வந்து இறங்கினவர்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று பங்கு பிரித்தார்கள். அப்பா அந்தக் கணக்கில் வந்தவர். அரசு ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுத்துக் குடியமர்த்தினார்கள். எங்களுக்கு "முன்னோர் வந்து சேர்ந்த நாள்" என்பது இரண்டு தடவை.

முதல் வருகையைக் கண்டுபிடிக்க எங்களுக்கு உதவினது ஒரு மறுக்கப்பட்ட விண்ணப்பம். 1948-ல் இலங்கை குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த வருஷம் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளருக்கு என்று தனிச் சட்டம். 1946 ஜனவரி 1-க்கு முன்னால் கல்யாணமானவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம் இடைவிடாமல் இலங்கையில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். தாத்தா விண்ணப்பம் எழுதிப் போட்டார். எந்தத் தோட்டத்தில் எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, தகப்பன் எங்கே பிறந்தார், நடுவில் ஊருக்குப் போய் எத்தனை மாதம் இருந்தார், எல்லாம் அதில் வரிசையாக இருக்கிறது. நடுவில் ஊருக்குப் போனதையே காரணம் காட்டி மறுத்தார்கள். தாய் தகப்பனைப் பார்க்கப் போனதற்கு நாட்டையே எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தாளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும், ஆனால் எங்கள் வம்சத்தின் ஒரே வரலாறும் அதுதான்.

விளவங்கோட்டானுக்குச் சொல்வது: உங்கள் பூட்டன் திரும்பி வந்துவிட்டார், சரி. அவருடைய அண்ணன் தம்பி, மச்சான் யாராவது அங்கேயே தங்கினார்களா என்று அத்தையிடம் கேளுங்கள். தங்கியிருந்தால் அந்தக் கிளையில் யாரிடமாவது இப்படி ஒரு விண்ணப்பப் பிரதியோ, இந்தியத் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டையோ இருக்கும். கங்காணி ஒரே ஊரிலிருந்து சேர்த்தே ஆள் கூட்டிப் போவதால் ஒருவர் போன வருஷம் பெரும்பாலும் மற்றவருக்கும் பொருந்தும்.

ஊர்ப் பெயரில் ஏமாந்துவிடாதீர்கள். எங்கள் சொந்த ஊர் தோவாளை தாலுகா. விண்ணப்பத்தில் "திருநெல்வேலி ஜில்லா" என்று இருக்கிறது. கங்காணி வள்ளியூர்க்காரர், கூட வந்தவர்களையெல்லாம் தன் ஜில்லாவிலேயே எழுதிவிட்டார்.

தோவாளைப் பூக்காரன்:

கீரிப்பாறை அண்ணன் எழுதினதை வாசித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் ஓடவில்லை. அந்த விண்ணப்பத்தை நல்லபடியாக ஸ்கேன் செய்து பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள் அண்ணே.

தாது வருஷக் கதையைப் பற்றி. பெரிய அத்தை சொல்வதைத் தள்ள வேண்டாம். அது பூட்டனுடைய தகப்பன் கதையாக இருக்கலாம். 1870-களில் இலங்கையில் தேயிலை பெரிதாக வரவில்லை, காப்பிதான். காப்பிக்குப் பழம் பறிக்கிற காலத்தில்தான் ஆள் நிறைய வேண்டும். அதனால் ஆண்கள் போய்ப் பறித்துவிட்டு ஊருக்குத் திரும்புவார்கள். 1869-ல் இலையில் நோய் விழுந்து கொஞ்ச வருஷத்தில் காப்பியே அழிந்தது, பிறகு தேயிலை. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், கொழுந்துக்குப் பெண்கள் கை வேண்டும். அப்போதுதான் குடும்பம் குடும்பமாகப் போய் லயத்தில் தங்கினார்கள். ஆகவே "பஞ்சத்தில் போனார்" என்பதும் "மனைவியோடு போய்ப் பிள்ளை பெற்றார்" என்பதும் ஒரே ஆளுடைய கதையாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு தலைமுறை போயிருந்தால் பிந்தின தலைமுறை மேல் எல்லாக் கதையும் வந்து ஏறிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன், நாஞ்சில் நாட்டு வேளாளர் வீட்டார் யாராவது வாசித்தால் பயன்படும். எங்கள் பாட்டாவின் அண்ணன் மலாயாவுக்குக் கணக்குப்பிள்ளையாகப் போனவர். அங்கிருந்து வந்த எல்லாத் தாளிலும் தகப்பன் பெயர் இருக்கிறது. இங்கே குடும்பப் பத்திரத்தில் தேடினால் அந்தத் தகப்பன் பெயரே இல்லை, ஆளே வேறு என்று நினைக்கும்படி இருந்தது. மருமக்கத்தாயம்தான் காரணம். 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வரும்வரை குடும்பச் சொத்து தாய்வழியில் போனது, பத்திரத்தில் காரணவராக இருந்த தாய்மாமன் பெயரும் தாய்வழி வீட்டுப் பெயரும்தான் வரும். மாமன் பெயரை வைத்துத் தேடினதும் அடுத்தடுத்து எல்லாம் கிடைத்தது.

அவருடைய பாஸ்போர்ட்டும் இருக்கிறது. அதில் பிரிட்டிஷ் பிரஜை என்று இருக்காது. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் குடி, பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டவர் என்றுதான் இருக்கும். சமஸ்தானத்துக்காரர்கள் எல்லாருக்கும் அப்படித்தான். மலாயாவில் ஆள் தேடுகிறவர்கள் சென்னை மாகாணம் என்ற தலைப்பில் மட்டும் தேடினால் நம் ஆள்களைத் தவறவிடுவார்கள்.

குளச்சல் கடற்கரை:

கத்தோலிக்கர் வீட்டில் தேடுகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். 1908 ஈஸ்டரிலிருந்து கத்தோலிக்கச் சபையில் ஒரு விதி. ஒருவர் எந்த ஊர்க் கோயிலில் கல்யாணம் செய்தாலும், அந்தச் சாமியார் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பங்குக்கு எழுதி அனுப்ப வேண்டும், அங்கே ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் கல்யாண நாளையும் இடத்தையும் குறிப்பார்கள். கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கல்யாணம் செய்த ஆளின் தடம் இங்கே கோட்டாறு மறைமாவட்டப் பங்கு ஒன்றின் பதிவேட்டு ஓரத்தில் கிடைக்க வழி உண்டு. ஞானஸ்நானப் பிரதி கேட்கும்போது "ஓரக்குறிப்பும் சேர்த்து" என்று வாய்விட்டுக் கேளுங்கள், அச்சடித்த படிவத்தில் எழுதிக் கொடுக்கும்போது அது விட்டுப்போகும்.

விளவங்கோட்டான்:

எல்லாருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனசு வரவில்லை. பத்திரங்களை வாசித்தாகிவிட்டது. களியக்காவிளைப் பக்கம் ஓய்வுபெற்ற மலையாள வாத்தியார் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். பழைய கையெழுத்து என்பதால் ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்து நிறுத்தி அர்த்தம் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.

1087 தாள் ஒற்றி ஆதாரம்தான். மாதம் மேடம், ஆகவே 1912 ஏப்ரல் பிற்பாதி அல்லது மே முற்பாதி. பதினெட்டு சென்ட் விளை, அதில் நிற்கிற பலா ஒன்று, அயனி ஒன்று, பனை ஏழு, நான்கு எல்லையும் சொல்லியிருக்கிறது. எழுதிக் கொடுத்தது பூட்டனின் அண்ணன். அதில் வருகிற ஒரு வாக்கியத்தை வாத்தியார் இரண்டு தடவை வாசித்தார். இளையவன் கொழும்பில் போயிருக்கிறதினால் அவனுடைய பங்குக்கும் தானே உத்தரவாதம் என்றும், வாங்குகிற பணம் இளையவன் வகையில் கங்காணிக்குத் தீர்க்க வேண்டிய பாக்கிக்கு என்றும் எழுதியிருக்கிறார். போன தம்பியின் கடனை அடைக்க இருந்த நிலத்தை அண்ணன் ஒற்றி வைத்திருக்கிறார். அவருடைய பெயரைக்கூட எங்கள் வீட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை.

1098 தாள் ஒழிமுறி. மாதம் மகரம், அதாவது 1923 ஜனவரி அல்லது பிப்ரவரி. ஒற்றி தீர்ந்து நிலம் மீண்டதற்கான தாள், இதில் அண்ணனும் தம்பியும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பூட்டன் அப்போது ஊரில் இருக்கிறார்.

பிறகு சபைப் பதிவேடு. எங்கள் சபையில் போதகர் ஐயா கூட உட்கார்ந்து தேட உதவினார். பூட்டனின் கல்யாணம் 1910 ஜனவரியில் எங்கள் ஊர்க் கோயிலிலேயே நடந்திருக்கிறது. ஆக, 1910 ஜனவரிக்கும் 1912 மே மாதத்துக்கும் இடையில் போயிருக்கிறார். நாற்பது வருஷக் குழப்பம் இரண்டே கால் வருஷமாகச் சுருங்கிவிட்டது!

வேதபுத்தகத்தில் முதல் பிள்ளை, பாட்டாவின் அக்கா, 1913 என்று இருக்கிறது, பக்கத்தில் "இலங்கை". ஆகவே பூட்டியும் 1913-க்குள் அங்கே போய்விட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஓலைச்சுருள்:

அருமை தம்பி. அந்த அண்ணன் பெயரை முதலில் குடும்ப மரத்தில் எழுதுங்கள்.

வழியும் இப்போது ஓரளவு தெரிந்துவிட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கினது 1914-ல். உங்கள் பூட்டன் அதற்கு முன்னால் போனவர், அதனால் அநேகமாகத் தூத்துக்குடி வழிதான். நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-ல், ஆகவே ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி திருநெல்வேலிச் சீமைக்குள் நடையோ மாட்டு வண்டியோ. தூத்துக்குடிக்கு முன்னால் தட்டப்பாறையில் கூலி ஆள்களை வைத்துச் சோதிக்கும் முகாம் இருந்தது, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். அத்தையிடம் "மண்டபம்" (தனுஷ்கோடி வழியில் முகாம் இருந்த இடம்) என்ற பேச்சு வந்ததா "தட்டப்பாறை" என்ற பேச்சு வந்ததா என்று நீங்கள் பெயர் சொல்லாமல் கேளுங்கள். பெயரை எடுத்துக் கொடுத்தால் பெரியவர்கள் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள்.

வேதபுத்தகப் பதிவை அப்படியே நம்ப வேண்டாம். முகப்புத் தாளில் அச்சடித்த வருஷம் இருக்கும், அதைப் பாருங்கள். பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு மையில் இருந்தால் பிறந்தபோதே எழுதினது. எல்லாம் ஒரே மையில் ஒரே ஓட்டத்தில் இருந்தால் பின்னால் ஒரு நாள் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினது. அப்படியானால் வருஷம் ஒன்று இரண்டு முன்பின் இருக்கலாம்.

வடசேரிக்காரி:

அண்ணாச்சி சொன்னதையே நானும் கேட்க வந்தேன். பூட்டி எப்போது போனார் என்பதைத் தனியாகத் தேடுங்கள், பூட்டனோடு சேர்த்து முடித்துவிடாதீர்கள். கல்யாணம் 1910, முதல் பிள்ளை 1913. அந்த இடைவெளியில் அவர் ஊரிலேயே மாமியார் வீட்டில் இருந்திருக்கலாம், பூட்டன் முதலில் போய்விட்டு ஒரு தடவை வந்து கூட்டிப் போயிருக்கலாம். ஒற்றி ஆதாரத்தில் "இளையவன் போயிருக்கிறான்" என்றுதானே இருக்கிறது, "இளையவனும் பெண்சாதியும்" என்று இல்லையே. பெண்கள் போனதும் வந்ததும் யாருக்கும் எழுதத் தோன்றாத விஷயம். சபையில் சந்தாப் புத்தகமோ ராப்போஜனத்தில் சேருகிறவர்களின் பட்டியலோ பழையது இருந்தால் அதில் பூட்டி பெயர் எந்த வருஷத்தோடு நிற்கிறது என்று பாருங்கள். அவருடைய பிறந்த வீட்டுச் சபை வேறு என்றால் அங்கேயும் பாருங்கள்.

விளவங்கோட்டான்:

வேதபுத்தகம் 1920-ல் அச்சிட்டது! நான்கு பிள்ளைகள் பெயரும் ஒரே மை, ஒரே கை. ஐந்தாவது பிள்ளை மட்டும் வேறு மை, அது ஊரில் பிறந்தது. ஆக முதல் நான்கும் பின்னால் எழுதினவை.

அத்தையிடம் வழி பற்றிக் கேட்டேன், ஒரு பெயரும் சொல்லிக் கொடுக்காமல். "மாமியார்க்காரிக்குச் சாகுமட்டும் கடல்னா பயம், ஒரு ராத்திரி முழுக்க கப்பல்ல வாந்தி எடுத்ததைச் சொல்லும்னு எங்க அம்மை சொல்லுவா" என்றார். ஒரு ராத்திரி முழுக்க என்றால் தலைமன்னார் வழி இல்லை, அது சில மணி நேரம்தானே. அப்படியானால் பூட்டியும் தூத்துக்குடி வழியாகவே போயிருக்கிறார்.

இனி கொழும்புக்குப் போகட்டுமா?

கீரிப்பாறை:

கொழும்பு வேண்டாம், முதலில் தோட்டத்தின் பெயரைக் கண்டுபிடியுங்கள். வில்லையில் உள்ள எழுத்தும் மேல்வரி எண்ணும்தான் வழி. பக்கவாட்டில் வெளிச்சம் வைத்து, பல கோணத்தில் படம் எடுங்கள். காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தகரம் தாங்காது. எங்கள் சொந்தக்காரர்கள் ஹட்டனில் இன்னும் இருக்கிறார்கள், தோட்டத்தின் பெயர் தெரிந்தால் அங்கே பழைய ஆள்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.

ஓலைச்சுருள்:

கீரிப்பாறைக்காரர் சொல்வதுதான் சரி. அதோடு ஒரு வேலை பாக்கி இருக்கிறது, நாகர்கோவிலைத் தாண்டாமலே செய்யலாம். ஒற்றி ஆதாரத்தின் பின்பக்கத்தை நீங்கள் இன்னும் காட்டவில்லை. பதிவு செய்த தாள் என்றால் பின்னால் சப்-ரிஜிஸ்ட்ரார் எழுத்து இருக்கும்: தாக்கல் செய்த நாள், எழுதிக் கொடுத்தவரின் கைநாட்டு அல்லது கையெழுத்து, ஆளை அடையாளம் சொன்ன இரண்டு சாட்சிகள், புத்தக எண், பக்கம், ஆதார எண். சாட்சிகள் யார் என்று பாருங்கள். அந்தக் காலத்தில் கடன் தீர்க்கிற பத்திரத்தில் கடன்காரனோ அவன் ஆளோ பக்கத்தில் நிற்பது வழக்கம், கங்காணி பெயரே அங்கே இருக்கலாம். கங்காணியின் ஊர் கிடைத்தால் அவர் எந்தத் தோட்டத்துக்கு ஆள் கூட்டினார் என்பது அந்த ஊரில் இன்னும் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

இணையத்தில் வில்லங்கம் போட்டால் இவ்வளவு பழைய ஆதாரம் வரும் என்று நம்ப முடியாது, அதனால் அந்த ஆதார எண்ணைக் குறித்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பிரதி கேட்க வேண்டும். அதே சர்வே எண்ணில் 1085-லிருந்து 1087 வரை வேறு ஆதாரம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள். பூட்டன் தானே கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று 1086-ல் கிடைத்தால் இடைவெளி இன்னும் ஒரு வருஷம் குறையும். பின்பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், வாசித்துச் சொல்கிறேன்.